லாரி வராத வீடு

எங்கள் தெருவில் உள்ள நகராட்சி போர் தண்ணீர் உப்புக் கரிக்காது. சங்கரன்கோவிலில் அது லேசான விஷயமில்லை. பக்கத்துத் தெருக்களில் சோப்பு நுரைக்காத தண்ணீர் வரும்போது, எங்களுக்கு மட்டும் பருப்பு வேகிற தண்ணீர் வந்தது. ஆற்றுத் தண்ணீர் வராத நாட்களில் யோசிக்காமல் அதையே குடித்தோம். நாக்கில் இனித்தால் நல்ல தண்ணீர். அதற்கு மேல் ஒரு சோதனை வேண்டும் என்று படித்த எனக்கும் தோன்றவில்லை.

போன வருடம் நான்காம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. முதலில் வாந்தி, பிறகு காய்ச்சல். ஒருநாள் காலையில் சடை பின்னிக்கொண்டிருந்த என் மனைவி, அவள் கண்ணைப் பார்த்துவிட்டுச் சீப்பைக் கீழே போட்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன தண்ணி குடிக்கீங்க?" எங்கள் தெருக்காரர்கள் இன்னும் சிலர் அதே வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள்.

மகள் தேறியதும் அவளைச் சிவகிரியில் என் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். இந்தக் காமாலை மறுபடி வராது என்றார் டாக்டர். ஆனால் அந்தத் தண்ணீரில் வேறு என்னென்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. தண்ணீர் சரியாகும்வரை அவள் இங்கே வரக் கூடாது என்று முடிவு செய்தேன். தினமும் சாயங்காலம் போனில், "எப்பப்பா கூட்டிட்டுப் போவீங்க?" என்று கேட்பாள்.

நகராட்சியிலிருந்து ஒரு பெண் பொறியாளர் வந்தார். தெருவே கை நீட்டியது முனையில் இருக்கும் சாயக் கொட்டகையை. அங்கேயும் போய்ப் பார்த்துவிட்டு, "சாயத் தண்ணியால இந்தக் காமாலை வராது சார். இது கழிவறைத் தண்ணி" என்றார். பிறகு வீடு வீடாக ஏறி ஒரே கேள்வியைக் கேட்டார். செப்டிக் டேங்க் லாரி கடைசியாக எப்போது வந்தது? நானும் கூடவே நடந்தேன். போன மாசம் என்றார்கள், தீபாவளிக்கு முன்னால் என்றார்கள். எதிர்வீட்டு அண்ணாச்சி ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அவர் வாசலில் நின்று பெருமையாகச் சொன்னார்:

"நம்ம வீட்டுக்கு லாரியே வந்தது இல்ல தாயி. கட்டுனதுலருந்து ரொம்புனதே கிடையாது."

பொறியாளர் எழுதுவதை நிறுத்தினார். "பழைய போர் எதுவும் இருக்கா?"

இருந்தது. கொல்லையில், வற்றிப்போன போர். செலவழித்துப் போட்ட குழியை வீணாக்குவானேன் என்று, கக்கூஸ் தொட்டி நிரம்பி வழிவதை அதற்குள் திருப்பிவிட்டிருந்தார். எங்கள் ஊரில் இப்படிச் செய்தவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. எவ்வளவு விட்டாலும் உள்வாங்கிக்கொள்ளும். உள்ளே போனது எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை.

அது தெரு போருக்குத்தான் போகிறதா என்று உறுதிசெய்துகொள்ள, அவர் வீட்டுக் கக்கூஸில் பச்சை நிறப் பொடியைக் கரைத்து ஊற்றினார்கள். வேடிக்கை பார்க்கத் தெருவே கூடிவிட்டது.

"அண்ணாச்சி, நாளைக்கு எங்க வீட்டுல பச்சை இட்லி!" என்று ஒரு தறிக்காரர் கத்தினார்.

"போலே, ஒனக்கு இட்லி கிடைக்கதே பெருசு" என்றார் அண்ணாச்சி.

இரண்டு நாள் கழித்துத் தெருக்குழாயில் பாட்டிலில் பிடித்த தண்ணீரைப் பொறியாளர் ஒரு வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துக் காட்டினார். இளம்பச்சை. அன்று யாரும் சிரிக்கவில்லை. என் மகள் டம்ளர் டம்ளராகக் குடித்தது இதைத்தான்.

"நான் என் குழிக்குள்ளதான விட்டேன். ஒங்க குழாய்க்குள்ளயா விட்டேன்?" என்றார் அண்ணாச்சி.

"குழிக்கு அடியில கதவு போட்டு வச்சிருக்கீயளா அண்ணாச்சி?" என்று கேட்டாள் என் மனைவி.

அந்தப் போரைச் சுத்தம் செய்து, களிமண்ணும் சிமெண்டும் கரைத்து ஊற்றி அடைத்தார்கள். அண்ணாச்சி வீட்டுக்கு முதல்முறையாக லாரி வந்தது. தெரு போரில் பிளீச்சிங் பவுடர் கலந்து, மோட்டாரை ஓடவிட்டுத் தண்ணீரைச் சாக்கடையில் விட்டார்கள். அவ்வளவு தண்ணீர் வீணாகப் போவதைப் பார்க்க எங்கள் ஊர்க்காரர்களுக்கு மனசு கேட்கவில்லை. செடிக்காவது ஆகும் என்று சிலர் வாளியோடு நின்றார்கள். முதல் பரிசோதனையில் கிருமி இருந்தது. "பாறை இடுக்குல தங்குனது போகணும் சார்" என்றார் பொறியாளர். மறுபடி மருந்து, மறுபடி மோட்டார். அதன் பிறகு எடுத்த தண்ணீர் அடுத்தடுத்துச் சுத்தமாக இருந்தது.

"இனி நீங்க குடிப்பீங்களா?" என்று அவரிடம் கேட்டேன்.

"எங்க வீட்டுத் தண்ணியையே நான் காய்ச்சித்தான் சார் குடிக்கேன்."

இன்னும் ஒரு சோதனை முடியட்டும் என்று நான் நாளைக் கடத்தினேன். என் மனைவி பொறுத்துப் பார்த்தாள். "தண்ணி சரியாகுத வரைக்கும்னு சொன்னீய, சரியாயிட்டு. ஒங்க பயம் சரியாகுத வரைக்கும்னா, புள்ளைக்கு அங்கனயே கல்யாணத்த முடிச்சிர வேண்டியதுதான்" என்றாள். மறுநாள் சிவகிரிக்குப் பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்ததும் மகள் பையை வைத்துவிட்டு எதிர்வீட்டுக்கு ஓடினாள். அண்ணாச்சியின் பேத்தி அவள் வகுப்புதான். தடுக்க வாயெடுத்தேன், தடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அண்ணாச்சி பேத்தியை அதட்டும் குரல் கேட்டது:

"ஏட்டி, குழாய்த் தண்ணிய எடுக்காத. புள்ளைக்குக் காய்ச்சுன தண்ணியக் குடு."

அவள் விளையாடி முடித்து வெளியே வரும்வரை நான் வாசலிலேயே நின்றேன்.