தேவநாதன் அனுப்பிய மூச்சு

சைக்கிள் பம்பின் வாயில் ஈரத்துணியைச் சுற்றி, மைக் முன்னால் மெல்ல இழுக்கிறார் தேவநாதன். தலையைச் சாய்த்துக் கேட்கிறார். பிடிக்கவில்லை. "பஞ்சர் கடை மாரியே இருக்குதுபா" என்று தன் மீதே எரிந்து விழுகிறார்.

பாகூர் கடைத்தெருவில் மைக்செட் வாடகைக்கு விடுபவர். சென்னைத் தொலைக்காட்சியில் வாராவாரம் வரும் ஆஸ்பத்திரி நாடகத்துக்குச் சத்தங்கள் செய்து, கேசட்டில் பிடித்து பஸ்ஸில் அனுப்புகிறார். ஈரச் சாக்கை இழுத்தால் ஸ்ட்ரெச்சர். டம்ளரில் ஸ்பூன் விழுந்தால் ஊசித் தட்டு. பேசும்போது நம் முகத்தைப் பார்க்கமாட்டார், தொண்டையைத்தான் பார்ப்பார். "உனுக்கு சளி கட்டிக்கினு இருக்குது, கஷாயம் குடி" என்றார் ஒருநாள். மறுநாள் எனக்குக் காய்ச்சல்.

சாகக் கிடக்கும் நோயாளியின் மூச்சு மட்டும் அவருக்குப் படியவில்லை. நிஜம் போல இல்லை என்று சென்னையில் திருப்பிவிட்டார்கள். கடைசியில் அலமாரியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தார். போன வருடம் தன் அண்ணன் ராசு நெஞ்சுச்சளியில் கிடந்தபோது, டாக்டருக்குப் போட்டுக்காட்டப் பிடித்துவைத்த மூச்சு. டாக்டர் கேட்பதற்குள் ராசு போய்விட்டார். அதில் கொஞ்சத்தை நகலெடுத்து அனுப்பினார்.

கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் டிவி முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. திரையில் ஒரு நடிகர் கண்மூடிக் கிடந்தார். மூச்சு வந்தது; ஒவ்வொன்றின் கடைசியிலும் சின்னதாய் ஒரு விசில். ராசுவின் மனைவி காசம்மாள் எழுந்தாள்.

"இன்னாடி காசம்மா, அந்த ஆக்டர கட்டிக்கப் போறியா? மறைக்காத, குந்து!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்த, எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் குந்தவில்லை. திரையருகே போய், நடிகரின் வாயில் காதை வைத்தாள். சிரிப்பு அடங்கிவிட்டது.

மறுநாள் கடைக்கு வந்தாள். நான் பேட்டரி வாங்க நின்றிருந்தேன். அதே மூச்சு இன்னும் வேண்டுமென்று சென்னையிலிருந்து சொல்லியனுப்பியிருந்தார்கள். கேசட் மெஷினில் தயாராக இருந்தது.

"அந்த ஆளு இன்னும் சாவலியா தம்பி?"

"கதையில இன்னும் நாலு வாரம் இழுக்கும் அண்ணி."

"நாலு வாரமா? அவுரு பட்டது போதாதா? வுட்டுடு. போவட்டும்."

"அழிச்சா இந்த வேலையும் பூடும் அண்ணி. அண்ணனோடது வேற ஒண்ணும் எங்கிட்ட இல்ல."

அவள் நகரவில்லை. அவர் கேசட்டை முதலுக்குச் சுற்றி, பதிவுப் பித்தானை அழுத்தினார். அறையில் என்ன சத்தம் இருந்தாலும் இனி அண்ணனின் மூச்சை அழித்துக்கொண்டு அதன்மேல் ஏறும். தோளிலிருந்த துண்டை எடுத்து, தன் மூச்சு அதில் விழாதபடி மூக்கையும் வாயையும் இறுகப் பொத்திக்கொண்டார்.