முறுக்கு பாட்டிலில் ஒற்றை மீன்

புளி போட்டுத் தேய்த்தும் வெயிலில் கவிழ்த்து வைத்தும் அந்தக் கண்ணாடி பாட்டிலிலிருந்து முறுக்கு வாசம் மட்டும் போகவே இல்லை. அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் அப்பா வைத்திருந்த டீக்கடையில், மூடி தொலைந்ததென்று ஒதுக்கிய பாட்டில் அது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஆறாவது படித்துக்கொண்டிருந்த எனக்கு அதுதான் மீன் தொட்டி. உள்ளே ஒரே ஒரு கப்பி மீன், அதுவும் "பொட்டை". ஆண் கப்பிக்குத்தான் வாலெல்லாம் நிறம். பொட்டை சாம்பலாக, வயிறு பெருத்து, பார்க்க ஒன்றும் இருக்காது. அதனால்தான் என்னோடு படித்த ஸ்டெல்லா அதை எனக்குக் கொடுத்தாள். அவள் அப்பா வரதராஜன்பேட்டையிலிருந்து வந்து டவுனில் குடியிருந்த வாத்தியார். திருச்சியில் வாங்கிய கண்ணாடித் தொட்டி வைத்திருந்தவர்.

கப்பி முட்டையிடாது, குட்டி போடும். வந்த பத்தாம் நாளே என் மீன் போட்டது. போட்ட கையோடு தாயே குட்டிகளைத் துரத்தித் தின்பதைப் பார்த்துப் பதறி, ஏரியிலிருந்து "வேலம்பாசி" அள்ளி வந்து போட்டேன். அதற்குள் புகுந்தவை பிழைத்தன. அடுத்த மாதமும் இருபதுக்கு மேல் போட, பெருமை தாங்காமல் ஸ்டெல்லாவைக் கூட்டி வந்து காட்டினேன். அதுதான் வினையாகிவிட்டது.

மறுநாள் டீ குடிக்க வந்த வாத்தியார், கடையில் ஆட்கள் இருக்கும்போதே அப்பாவிடம் சொன்னார்: "ஆண் மீனே இல்லாம ரெண்டாந் தடவ எப்படிங்க குட்டி வரும்? எங்க தொட்டியிலயும் குட்டி காணாமப் போவுது. பாப்பா தெனம் வூட்டுக்கு வருது. கொஞ்சம் கண்டிச்சு வைங்க."

அப்பா திட்டவில்லை. "எடுத்தியா?" என்று ஒரே முறை கேட்டார். "இல்லப்பா" என்றேன். "நாலு பேருக்கு எதிர்ல சொன்னத நாலு பேருக்கு எதிர்லயே தீத்துக்கணும்" என்று சொல்லி, குட்டிகளை வீட்டு அண்டாவுக்கு மாற்றிவிட்டு, தாய் மீனை மட்டும் பாட்டிலோடு கடை முன்னால் வைத்தார். "பாசியையும் எடுத்துடு. அதுக்குள்ள ஒளிச்சு வச்சோம்பாங்க."

ஒரு மாதம் காத்திருந்தோம். சிமெண்டு லாரிக்காரர்கள் டீயை ஆற்றிக்கொண்டே, "என்னண்ணே, இன்னும் வலி எடுக்கலியா? மருத்துவச்சிய வரச் சொல்லவா?" என்று சீண்டுவார்கள். பள்ளிக்கூடத்தில் எனக்கு "மீன் களவாணி" என்று பெயர் வந்துவிட்டது. ஸ்டெல்லா பெஞ்சு மாறி உட்கார்ந்தாள். இந்தத் தடவை குட்டி வராவிட்டால் அந்தப் பெயர்தான் எனக்கு நிலைக்கும்.

ஒரு காலை, வாத்தியார் கையில் கிளாஸ் இருக்கும்போதே மீன் போட ஆரம்பித்தது. சுருண்டு விழுந்து, உடனே நிமிர்ந்து நீந்தும், கண் மட்டும் கறுத்த குட்டிகள். ஒரு லாரிக்காரர் சத்தமாக எண்ணினார். ஐந்தாவதைத் தாய் திரும்பி ஒரே வாயில் விழுங்கியது. "அடிப்பாவி!" என்றார் அவர். வாத்தியார் டீயைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தார். "எங்க வூட்டுக் குட்டியெல்லாம் எங்க போச்சுன்னு இப்பத் தெரியுதுங்க" என்றார்.

மறுநாள் ஸ்டெல்லா வந்தாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "அந்தப் பாசி எங்கடி கெடைக்கும்?" என்றாள். இரண்டு பேருமாக ஏரிக்குப் போனோம்.

ஒரு முறை ஆணோடு சேர்ந்த பொட்டைக் கப்பி, அந்த விந்தை மாதக்கணக்கில் உள்ளேயே வைத்திருந்து ஐந்தாறு ஈற்று போடும் என்பதை வெகுகாலம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். அப்பாவும் இல்லை, வாத்தியாரும் இல்லை. போன வாரம் பெரம்பலூரில் வளர்ப்பு மீன் விற்கும் தம்பி, "பொட்டைய மட்டும் வாங்காதீங்கம்மா, ஆண் இல்லாம குட்டி போடாது" என்றார். போடும் என்றேன்; சிரித்தார். ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டு, "நீயே சொல்லுடி" என்று அவர் கையில் கொடுத்தேன்.