ஆர்லோ டோலஃப்சன் வாங்கிய ஆறெழுத்து

டுலூத் நகரில் நிலம் வைத்திருப்பவர்கள் உண்டு, படகு வைத்திருப்பவர்கள் உண்டு. ஆயிரத்து நூற்று நாற்பது பெயர்கள் வைத்திருந்தவர் ஆர்லோ டோலஃப்சன் ஒருவர்தான். எல்லாம் இணையதள முகவரிப் பெயர்கள். நாளைக்கு யாருக்காவது தேவைப்படும் என்று இன்றைக்கே வாங்கிப் பூட்டி வைப்பது அவர் தொழில். பகலில் எந்தத் தெருவுக்கு எந்தப் பள்ளிப் பேருந்து போக வேண்டும் என்று தீர்மானிக்கும் வேலையும் பார்த்தார். அதற்குச் சம்பளம் வந்ததால் அதை அவர் தொழிலாகக் கருதியதில்லை.

'பெஸ்ட்-ஐஸ்ஹட்-ரென்டல்-டுலூத்-ஃபார்-யூ டாட் நெட்' என்று ஒரு பெயர். உறைந்த ஏரிமேல் மீன் பிடிக்க உட்காரும் குடிசைகளை வாடகைக்கு விடுகிறவர் எவராவது ஒருநாள் ஓடி வருவார் என்று ஒன்பது வருடம் அதை வளர்த்தார். மற்ற பெயர்களும் ஏறக்குறைய அதே அழகுதான். தலைக்கு வருடம் பத்து டாலர் தீனி. இத்தனை காலத்தில் விற்றவை நான்கு. அதில் ஒன்றை வாங்கியவர் மனைவியின் தங்கை, இரக்கப்பட்டு.

பிறகு மினியாபொலிஸில் பெயர் வியாபாரிகள் கூடிய ஒரு கூட்டத்துக்குப் போனார். மேடையில் ஒருவர் சொன்னார்: "ஒரே சொல்லா இருக்கணும், பின்னாடி டாட் காம் இருக்கணும். ஃபோன்ல சொன்னா ஒரே தடவைல எழுதிக்கணும். அப்படி ஒண்ணு போதும், எவ்வளவு விலையானாலும் வாங்குங்க. மத்ததையெல்லாம் விட்டுத் தொலைங்க."

ஆர்லோ ஞானம் பெற்றவராகத் திரும்பினார். பழைய பெயர்கள் ஒன்றையும் புதுப்பிக்கவில்லை. ஓராண்டுக்குள் அத்தனையும் கைவிட்டுப் போயின. வீட்டில் இருந்த ஒரே படகை விற்ற பதினாலாயிரம் டாலருக்கு 'ஐஸ்ஹட் டாட் காம்' அவருடையதாயிற்று. செய்தி சமையலறைக்கு வந்தபோது மனைவி மார்லிஸ் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

"படகையா வித்த?"

"எதிர் வீட்டு எல்டன்கிட்டதான குடுத்திருக்கேன். எப்ப அதே பதினாலாயிரத்த நீட்டினாலும் திருப்பித் தந்துடுவான். கை குலுக்கிட்டோம்."

"எதுக்கு?"

"ஒரு பேருக்கு. ஆறே எழுத்து."

"எழுத்துக்கு ரெண்டாயிரத்துக்கு மேலயா! ஏன் ஆர்லோ, நம்ம ரெண்டு புள்ளைங்களுக்கும் ஓசிலதான பேரு வெச்சோம்?"

கடைசியில் ஓர் உடன்படிக்கை ஆயிற்று. இரண்டு குளிர்காலம் அவகாசம். அதற்குள் விற்காவிட்டால் பெயர் மார்லிஸுக்கு. எல்டன் ஸ்கோக் நல்ல மனிதர். ஆர்லோவின் சமையலறை ஜன்னலிலிருந்து முழுதாகத் தெரியும்படி படகை நிறுத்தினார்.

இரண்டாவது குளிர்காலத்தின் தொடக்கத்தில், ஒரு திங்கட்கிழமை, கர்ட் மாகி என்பவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. குடிசை வாடகைக்காரர். 'பெயர் விற்பனைக்கா? என்ன விலை? ஏரி உறைவதற்குள் தளம் வேண்டும்.' ஆர்லோ அதை ஆறுமுறை படித்தார், எழுந்து ஜன்னல் வழியாகப் படகைப் பார்த்தார், உட்கார்ந்தார், பதில் எழுதவில்லை.

"அவரு கேக்குறாரு, நீ சொல்ல வேண்டியதுதான?" என்றார் மார்லிஸ்.

"முதல் கேள்விக்கு மூணு நாள் பதில் போடக் கூடாது. அதான் எங்க தொழில் முறை. உடனே போட்டா பசியில இருக்கான்னு நெனச்சிடுவாங்க."

"பசியிலதான இருக்கோம்!"

"அது அவருக்குத் தெரியக் கூடாது."

வியாழக்கிழமை காலை, அலட்சியமான ஒரே வரியில், அறுபதாயிரம் என்று எழுதினார். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. தொழில் தெரியாத மனிதர். 'நன்றி, நேற்றே வேறொன்று கிடைத்துவிட்டது. ரொம்ப நல்ல பெயர். ஊர், தொழில், வாடகை எல்லாம் அதிலேயே இருக்கிறது. யாரோ வேண்டாமென்று விட்டதாம். பத்தே டாலர்.' கீழே பெயரையும் எழுதியிருந்தார். ஆர்லோவுக்கு அதை முழுக்கப் படிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

எல்டன் வேலிக்கு அப்பால் நின்று ஆறுதல் சொன்னார்: "ஒம்போது வருஷம் நீ சோறு போட்ட புள்ள, தெருவுல விட்ட மறு வருஷமே வேலைக்குப் போயிடுச்சு பாத்தியா!"

ஏரி உருகியது, அவகாசம் முடிந்தது, ஆறெழுத்தும் மார்லிஸ் கைக்குப் போயின. தேவாலயத்துக்காக வருடாவருடம் அவர் உருளைக்கிழங்கு மாவை மெல்லிசாக இட்டுச் சுடும் லெஃப்ஸா ரொட்டியின் படங்கள் மூன்றை அங்கே போட்டார், விலையையும் போட்டார்.

"ரொட்டிக்கும் ஐஸ்ஹட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் ஆர்லோ.

"பேரு என்னுது. சம்பந்தம் நான் பண்ணிக்கிறேன்."

மேடையில் பேசியவர் பொய் சொல்லவில்லை. ஃபோனில் சொன்னால் ஜனங்கள் ஒரே தடவையில் எழுதிக்கொண்டார்கள். கிறிஸ்துமஸ் நெருங்கியபோது சமையலறையில் தேவாலயப் பெண்கள் மூவர் மாவு இட்டுக்கொண்டிருந்தார்கள். ஆர்லோ பெட்டிகளில் அடுக்கினார்.

அந்த வாரம் மானிட்டோபாவிலிருந்து ஒரு நிறுவனம் அந்தப் பெயருக்கு இருபத்திரண்டாயிரம் தருவதாக எழுதியது. ஆர்லோ படித்தார். படகு திரும்பி வரும், மேலே எட்டாயிரம். குரலைத் தாழ்த்திக்கொண்டு போனார்.

"மார்லிஸ், அவசரப்படாத. மூணு நாள்..."

"நாலே நிமிஷத்துல பதில் போட்டாச்சு."

"என்னன்னு?"

"விக்கிறதா இல்லன்னு. டஜன் ஒம்போது டாலர், ரொட்டி வேணுமான்னும் கேட்டேன்."

"அந்தப் படகு..."

"ஒரே சொல்லு, டாட் காம், கெடச்சா விட்டுடக் கூடாதுன்னு ரெண்டு வருஷமா சாப்பாட்டு மேசைல எனக்குப் பாடம் எடுத்தது யாரு?"

மானிட்டோபாக்காரர்கள் ஐந்து டஜன் கேட்டிருந்தார்கள். ஆர்லோ அதைக் கட்டி முடித்துவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போய், படகின் தார்ப்பாயில் சேர்ந்திருந்த பனியைத் தட்டினார்.

"யோவ் ஆர்லோ! என் படகுல உனக்கென்னய்யா வேலை?" எல்டன் கதவைத் திறந்து கத்தினார்.

"பனி கனத்துல பாய் கிழிஞ்சிடும்."

எல்டன் படியிறங்கி வந்தார். "கோடையில சனிக்கிழமைதோறும் முன்சீட்டு உனக்கு. ஒரு டஜன் லெஃப்ஸா கொண்டு வந்தா. என்ன சொல்ற?"

முதல் கேள்விக்கு மூன்று நாள் பதில் சொல்லக் கூடாது என்பது தொழில் முறை.

"சரி," என்றார் ஆர்லோ, எல்டன் வாயை மூடுவதற்குள்.