வேர் மருந்து

ஸ்ஸ்ஸ்.

கடைக்காரப் பெண் ஒரே ஒரு தடவைதான் அழுத்தினாள். போத்தலின் வாயிலிருந்து புகைபோல நீர் கிளம்பி, மின்விசிறிக் காற்றில் திரும்பி, என் முகத்தில் படிந்தது. மூக்கைப் பொத்த என் கை முந்தானையைத் தேடியது. நான் சேலை கட்டியிருக்கவில்லை.

"தண்ணிதான் லா ஆண்ட்டி! இதுக்குப் போய் இப்படிப் பயப்படுறீங்க?"

சிரித்து மழுப்பினேன். ஐம்பதைத் தொடப்போகிற ஒருத்தி பிளாஸ்டிக் போத்தலைக் கண்டு பின்வாங்கியதற்கு வேறென்ன விளக்கம் சொல்ல. ஆனால் அந்தச் சத்தம் எனக்குப் பழையது. முதலில் கைப்பிடி கிறீச்சிடும். பிறகு ஸ்ஸ்ஸ். மறுபடி கிறீச். செம்பனைத் தோட்டத்து மர நிரைகளுக்கு நடுவே, பனி இறங்கும் விடியலில், முதுகில் மருந்துப் பம்பைச் சுமந்து அம்மா நடந்துபோகிற சத்தம். ஆள் தெரியாது. சத்தம் மட்டும் ஒரு நிரையிலிருந்து அடுத்த நிரைக்கு மாறும். அம்மா போய் நெடுங்காலம் ஆகிவிட்டது. நான் ஊர் மாறினேன், வேலை மாறினேன், வாடகை வீடுகள் மாறினேன். எங்கே போனாலும் அந்தச் சத்தம் எனக்கு முன்னால் போய், பின்வாசலில் காத்திருக்கிறது.

அலோர் ஸ்டார் மெர்கோங்கில் என் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் அந்தச் செடிக்கடைக்கு நான் போனது அக்காவுக்காக. சிடாம் கிரி பக்கம், நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்ட வீட்டில் அக்கா மட்டும் மிச்சம் இருந்தாள். நிலம் கை மாறிவிட்டது. வீட்டை இடிக்கப் போகிறார்கள். ஜொகூரில் இருக்கும் அவள் மகன், அம்மாவுக்கென்று ஓர் அறையைப் பெயிண்ட் அடித்து வைத்துவிட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அக்கா ஒரே பேச்சில் நின்றாள்.

"மருதாணி வேர் விட்டாத்தான் நான் போவேன். இல்லேன்னா மெஷின் வரட்டும். நான் செடிகிட்ட நாற்காலி போட்டு உக்காந்துக்கிறேன்."

குளிக்கிற இடத்துக்குப் பின்னால் அம்மா வைத்த மருதாணி அது. அடிமரம் கால்வாய்ச் சிமெண்டுக்குள் புதைந்து, வேர் கல்லோடு கல்லாகிக் கிடந்தது. பெயர்த்து எடுக்க வழியில்லை. குச்சி வெட்டித்தான் உயிர்ப்பிக்க வேண்டும்.

அதனால் நான் சாமான் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன். கடைக்காரப் பெண் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். மரச்சட்டத்தில் தொங்கும் கண்ணாடிக் குழாய்கள். பார்க்க அழகு, மேசைக்கு நல்லது, மருதாணிக்கு உதவாது. அது தண்ணீரில் நிற்கிற சாதி இல்லை, அழுகிவிடும் என்று அவளே சொன்னாள். பிறகு மின்சாரத்தில் சூடாகும் ஒரு பாய்.

"இது எதுக்கு?"

"அடியில சூடு குடுத்தா வேர் சீக்கிரம் வரும் ஆண்ட்டி."

"கெடாவுல? ஏன், இந்த வெயில் பத்தலையா?"

"அதான் ஆண்ட்டி எனக்கும் தெரியல. ஆன்லைன்ல பார்த்துட்டு எல்லாரும் வந்து கேக்குறாங்க."

கடைசியில் மூடியுள்ள, கண்ணாடிபோலத் தெளிவான ஒரு பிளாஸ்டிக் பெட்டி, தேங்காய் நார்த் தூள், பொரி மாதிரி எடையே இல்லாத வெள்ளைக் கல், அந்த ஸ்ஸ்ஸ் போத்தல். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சின்ன டப்பாவை வைத்தாள். உள்ளே இளஞ்சிவப்பில் பவுடர்.

"உபாட் ஆக்கார், ஆண்ட்டி. வேர் மருந்து. குச்சியோட அடிய இதுல தொட்டு நட்டீங்கன்னா போதும்."

வேர் மருந்து. அந்தச் சொல்லை அப்படியே வாங்கிக்கொண்டு போனேன்.

அக்கா எல்லாவற்றையும் சமையல்கட்டு மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தாள். பெட்டியைத் தூக்கி, "என்ன பாப்பா, கேக் செய்யப் போறியா?" என்றாள். வெள்ளைக் கல்லை விரலால் நசுக்கிப் பார்த்தாள். "இதத் தின்னுவாங்களா?"

வெளியே போய் வெட்டினோம். பென்சில் பருமனில், ரொம்ப இளசும் இல்லாமல் ரொம்ப முற்றலும் இல்லாமல், கணுவுக்குக் கீழே சாய்வாக. இலைகளை உருவும்போதே விரலெல்லாம் அந்தப் பச்சை வாசனை. அம்மாவின் கை வாசனை.

அம்மாவின் நகங்கள் வெளுத்துப்போயிருந்தன. மருந்து பட்டுப் பட்டு, முதலில் வெள்ளைப் பட்டை விழும், பிறகு வெடிக்கும், சில சமயம் கழன்றே விழும். அம்மா அதை யாருக்கும் காட்டியதில்லை. மருதாணி வைத்துக்கொள்வாள். கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி நகம் எப்போதும் சிவந்தே இருக்கும். தோட்டத்துப் பெண்கள் கேலி செய்வார்கள், "புதுப்பொண்ணு வருது, வழிய விடுங்க." அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். மூச்சு வாங்க ஆரம்பித்து, கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, மலாய்த் தாதி ஒருத்தி அம்மாவின் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரத்தத்தில் காற்று எவ்வளவு ஓடுகிறது என்று நகத்தின் நிறத்தைப் பார்த்தால் தெரியுமாம். "இனாய்," என்றாள் பக்கத்தில் நின்றவளிடம், மருதாணி என்று. தாதி பஞ்சால் தேய்த்தாள். நிறம் போகவில்லை. அம்மா தன் நகத்தைக் கடைசிவரை காட்டவில்லை.

நான் டப்பாவைத் திறந்தேன்.

"அது என்னா பாப்பா?"

"வேர் மருந்து."

அக்காவின் கை நின்றது.

தோட்டத்தில் மருந்து என்றால் ஒன்றுதான். காய்ச்சலுக்குத் தருவது மாத்திரை. உடம்பு வலிக்குத் தேய்ப்பது தைலம். மருந்து என்பது அடிப்பதற்கு. புல்லுக்கு அடிப்பதற்கு. நீலமாக இருக்கும், குடலைப் புரட்டும் வாடை, அடித்த மறுநாள் நிரை முழுக்கத் தீ நாக்கு நக்கியது போலக் கருகிக் கிடக்கும்.

"கையில பட்டா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒண்ணும் ஆகாது. கழுவிட்டாப் போச்சு."

குச்சிகளை நட்டு, தண்ணீர் தெளித்து, மூடியை மூடி, சன்னல் ஓரம் வைத்துவிட்டுக் கிளம்பினேன். தெளிக்கும்போது நாங்கள் இருவருமே ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அடுத்த வாரம் போய் மூடியைத் திறந்தபோது பச்சை வாசனை இல்லை. துணி துவைக்கிற கட்டிச் சவுக்காரத்தின் வாசனை. குச்சிகள் அத்தனையும் அடியிலிருந்து கறுத்து, தொட்டால் தோல் வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது.

"அக்கா?"

அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கழுவிட்டேன்."

"எத?"

"குச்சியத்தான். ஒவ்வொண்ணா எடுத்து, சவுக்காரம் போட்டு, நாரால தேச்சுக் கழுவித் திரும்ப வச்சேன். நீதானே சொன்ன, கழுவிட்டாப் போச்சுன்னு."

எனக்குக் கோபம் வந்தது. கையைச் சொன்னேன், குச்சியை இல்லை என்று வாய்வரை வந்தது. அக்கா திரும்பினாள்.

"அம்மா செடில எப்படி பாப்பா மருந்து வைக்கிறது?"

அம்மா வேலை முடிந்து வந்தால் நேரே பின்பக்கம் போவாள். அதே கட்டிச் சவுக்காரம், அதே தேங்காய் நார். தேய்த்துக் குளிக்கும்வரை எங்களைக் கிட்டே விடமாட்டாள். நான் சின்னவள், ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளப் பார்ப்பேன், அக்கா என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வாள். அந்தப் பிடி மட்டும்தான் எனக்கு ஞாபகம். அக்கா ஏன் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டாள், காலையில் அம்மாவோடு எங்கே போனாள் என்று நான் கேட்டதே இல்லை.

அன்று சொன்னாள். கறுத்த குச்சிகளை ஒவ்வொன்றாகப் பழைய பேப்பரில் வைத்துக்கொண்டே.

"நான்தானே கலக்கிக் குடுப்பேன். தோம்புல தண்ணி ஊத்தி, மருந்து ஊத்தி, குச்சியால கிண்டி, பம்புல நெறச்சு அம்மா முதுகுல ஏத்திவிடுவேன். தூக்கும்போது அம்மா கேக்கும், 'என்னாடி இந்தக் கனம் கனக்குது, என்னா ஊத்துன?' நான் சொல்லுவேன், 'தண்ணிதாம்மா. தூக்கு.' தெனமும் இதே பேச்சுதான். தெனமும் சிரிக்கும்."

பேப்பரை மடித்தாள்.

"தெனமும் தண்ணிதான்னு சொல்லித்தான் ஏத்திவிட்டேன், பாப்பா."

நீ சின்னப் பிள்ளை அக்கா என்றேன். அது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. இந்தச் செடியைவிட்டு அவள் ஏன் நகரமாட்டாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் கையால் அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்தவற்றில், மருந்து கலக்காத வெறும் தண்ணீர் என்பது அம்மா வைத்த இந்தச் செடிக்கு ஊற்றியது ஒன்றுதான்.

மறுபடி வெட்டினோம். இந்த முறை சாமானை அக்கா தேர்ந்தெடுத்தாள். தீபாவளிக்கு முறுக்கு போட்டு வைக்கும் சிவப்பு மூடி பிளாஸ்டிக் ஜாடிகளை அலமாரி மேலிருந்து இறக்கினாள். ஊசியைச் சூடாக்கி அடியில் ஓட்டை போட்டாள். நார்த்தூள் ஈரத்தைக் கட்டி வைத்துக்கொள்கிறது என்று ஒதுக்கிவிட்டு, ஆற்று மணலைச் சலித்து, கொதிக்கிற நீர் ஊற்றி ஆறவிட்டாள். வெள்ளைக் கல்லை மட்டும், "பாவம், ஒரு ஓரமா இருந்துட்டுப் போவட்டும்," என்று மணலோடு கலந்துகொண்டாள். பவுடர் டப்பாவை என் கைப்பைக்குள்ளேயே போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். ஸ்ஸ்ஸ் போத்தலையும் வேண்டாம் என்றாள். விரல் நுனியில் நீர் தொட்டு உதறினாள்.

மெஷின் வருவதற்கு முதல் நாள், வேர் விட்ட பிறகுதான் ஜொகூர் என்ற பேச்சோடு, அக்காவை மெர்கோங்குக்கு அழைத்து வந்தேன். மூட்டை முடிச்செல்லாம் காரின் பின்னால். ஜாடிகள் அவள் மடியில். வழியெல்லாம் பள்ளம் மேடு வரும்போது மூடிகளைக் கையால் அணைத்துக்கொண்டாள். வீடு விழுந்ததைப் பார்க்க நாங்கள் போகவில்லை. இனி வெட்டுவதற்கு மரம் கிடையாது. ஜாடியில் இருப்பதுதான் எல்லாம்.

இலைகள் உதிர்ந்தன. சில குச்சிகள் சுருங்கின. ஒன்றில் பச்சைத் துளிர் வந்தது, அக்கா துள்ளினாள். குச்சி தனக்குள் இருக்கிற உயிரைச் செலவழித்துத் துளிர்ப்பது அது, வேர் இல்லாமலே வரும் என்று படித்திருந்ததை நான் சொல்லவில்லை. நாலாம் நாள் அது தானே வாடியது.

ஒரு விடியலில் எனக்கு விழிப்புத் தட்டியது.

ஸ்ஸ்ஸ்.

மறுபடி, பின்வாசல் பக்கம். ஸ்ஸ்ஸ். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. நிரை மாறுகிறது. எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். வெளிச்சம் சரியாக வரவில்லை. ஓர் உருவம், முதுகைக் காட்டிக்கொண்டு, குனிந்து. தலையில் துண்டு. அம்மா என்று கூப்பிடப் போனேன்.

அக்கா. துணிக்கு இஸ்திரி போடும்போது நான் வைத்துக்கொள்ளும் பழைய போத்தல் அவள் கையில். ஜாடிக்கு ஜாடி மூடியைத் திறந்து, குனிந்து, குழந்தையிடம் சொல்வதுபோல ஏதோ சொல்லி, ஓர் அழுத்து. ஸ்ஸ்ஸ்.

"தண்ணிதான். பயப்படாத. தண்ணிதான்."

பயந்ததை மறைக்க, "என்னாக்கா, விடிஞ்சும் விடியாம தண்ணி அடிக்க ஆரம்பிச்சுட்ட?" என்றேன்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பி, பிறகு புரிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடிக்கிறவ அடிப்பா, ஒனக்கென்னா? விரலால உதறுனா மணல் குழியுது. இதுலதான் பூவாட்டம் விழுது." போத்தலைக் கீழே வைத்து, "இந்தச் சத்தம் ஒனக்கும் கேக்குமா பாப்பா? சும்மா இருக்கும்போது?"

"கேக்கும்."

"எனக்கு மட்டும்னு நெனச்சேன்."

அன்றிலிருந்து அந்த நேரத்துக்கு நானும் எழுந்துவிடுவேன். இரண்டு பேரும் பின்வாசல் படியில் தேத்தண்ணியோடு உட்கார்ந்திருப்போம். அவள் எழுந்துபோய் அழுத்துவாள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். சத்தம் இப்போது ஓர் இடத்திலிருந்து வந்தது. ஒரு கையிலிருந்து வந்தது.

வேருக்கு வெளிச்சம் படக்கூடாதென்று ஜாடியைச் சுற்றிக் கட்டியிருந்த கறுப்புத் தாளை ஒருநாள் அவிழ்த்துப் பார்த்தபோது, பிளாஸ்டிக் சுவரை ஒட்டி, நூல்போல வெள்ளையாக ஒன்று இறங்கியிருந்தது. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். கழற்றிப் புடவையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். பிறகு உள்ளே போய்த் தன் மகனுக்குப் போன் போட்டு, "சரி, டிக்கெட் எடு," என்றாள்.

இரண்டு ஜாடிகளில்தான் வேர் பிடித்தது. ஒன்றை அவள் எடுத்துக்கொண்டாள். மற்றதை எனக்கு என்றாள். நான் ஓரிடத்தில் நிலையாக இருப்பவள் இல்லை, எனக்கெதற்கு என்றேன். "தொட்டியிலயே வை. நீ போற எடத்துக்கெல்லாம் வரட்டும்," என்றாள்.

அலோர் ஸ்டார் ரயில் நிலையத்தில் அவளை ஏற்றிவிட்டேன். சன்னலோர இருக்கை, ஜாடியை மடியில் வைத்து, மூடியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, இஸ்திரி போத்தலை எடுத்துப் பக்கத்தில் செருகிக்கொண்டாள். என் போத்தல் என்றேன். புதுசு ஒன்று வீட்டில் சும்மாதானே கிடக்கிறது, அந்தக் கடைக்காரியிடம் வாங்கியது, என்றாள். நான் தலையசைத்தேன். கதவு மூடப்போகிற மணி அடித்தது. நான் இறங்கி நடைமேடையில் நின்றேன். அவள் எழுந்து கதவுவரைக்கும் வந்தாள், ஜாடியோடு.

"காலைல மறக்காம அடி, பாப்பா."

"அடிக்கிறேன்க்கா."

"சும்மா அடிக்காத. தண்ணிதான்னு சொல்லிட்டு அடி. இப்ப அது பொய் இல்ல."