செத்துக் கிடந்தபோது கேட்டது

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஷெவாலியே பற்றி ஒரு வேலை. அந்தக் காலத்து ஐரோப்பியக் குதிரைவீரர், வாள், கேடயம், அதுகள்தான். மட்டையில் வாள் வெட்டி, அலுமினியத்தாள் சுற்றித் தரச் சொன்னாள். தாளைச் சர்ரென்று இழுத்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. "அலே பப்பா, அலே!" என்று அவள் பிரெஞ்சில் அவசரப்படுத்திக் கத்துகிறாள். நானோ டோர்வலில், பழைய வேலையிடத்தில் நிற்கிறேன், இருபது வருசத்துக்கு முந்தி.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சமையல்கூடம். சாப்பாட்டுத் தட்டுகளை வண்டிலில் அடுக்கி லொறிக்குத் தள்ளுகிற வேலை. ஆறிய கோழியும் சூடான அலுமினியத்தாளும் கலந்த மணம், வீட்டுக்கு வந்து குளித்தாலும் போகாது. மிஞ்சுகிற துண்டுத் தாள்களை என்னோடு வேலை செய்த மரியதாஸ் அண்ணை மடித்து மடித்துச் சட்டைப்பைக்குள் வைப்பார். "குப்பைக்குப் போறதைத்தானேடாப்பா எடுக்கிறன். ராசாவுக்கு முடி வேண்டாமே?"

சொல்ல மறந்துபோனேன், அண்ணை மன்னார்க்காரர், எங்கள் கூத்தில் ராசா. கோயில் திருநாளுக்கு வருசா வருசம் மண்டபத்தில் கூத்துப் போடுவோம். எங்கள் கத்தோலிக்கக் கூத்துகளில் எங்கேயோ ஐரோப்பாவில் இருந்த ராசாமாரெல்லாம் வருவார்கள். பனியைக் கண்ணால் காணாத எங்கள் ஆட்கள் அவர்களைத் தமிழில் பாடவைத்துவிட்டார்கள், பாருங்கள்! அந்த ராசாமார் எல்லாரும் பிழை விட்டவர்கள்தான். பிழை விடாத ராசாவுக்குப் பாட்டே இல்லை.

அந்த வருசத்துக் கதையில் ராசா கோள் கேட்டு, தனக்காக உயிரையே கொடுக்கக்கூடிய தளபதியைக் கொல்லச் சொல்கிறான். உண்மை தெரிந்த பிறகு பிணத்தின் முன் முழந்தாளில் விழுந்து அழுகிறான். தளபதி நான். உயரம் காணும் என்று எடுத்தவர்கள், என் குரலைக் கேட்டபிறகு பாட்டைக் குறைத்துக் கெதியாகச் சாகடித்துவிட்டார்கள்.

திருநாளுக்கு மூன்று கிழமை இருக்கும்போது அது நடந்தது. லொறிக்குச் சாமான் ஏற்றுகிற மேடையில் அண்ணை ராசாவின் வரவு நடையைப் பழகிக்கொண்டு வண்டில் தள்ளிவந்தார். தோளை உயர்த்தி, ஒரு சுற்றுச் சுற்றி, தாளத்துக்குக் கால் வைத்து. வடிவாகத்தான் இருந்தது. பிரேக் போட மறந்துவிட்டார். வண்டில் உருண்டுபோய்க் கீழே விழுந்தது. ஒரு விமானத்துச் சாப்பாடு முழுக்க நிலத்தில்.

மேற்பார்வையாளர் ஓடிவந்தார். வண்டிலை அடுக்கினது நான், அதில் ஒட்டியிருந்த துண்டில் என் பெயர். யார் விட்டது என்று பிரெஞ்சிலும் கேட்டார், இங்கிலீசிலும் கேட்டார். அண்ணை வாய் திறப்பார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு நாலு பிள்ளைகள். எனக்கு யாழ்ப்பாணத்தில் மனிசி. அவளை ஸ்பொன்சர் செய்து இங்கே கூப்பிட, குடிவரவுக் கந்தோரில் வேலைக் கடிதம் கேட்டிருந்தார்கள். காட்டிக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. வீரமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, வரவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கே என்னை வேலையால் நிப்பாட்டிவிட்டார்கள்.

கூத்தை மட்டும் விடவில்லை. ஒத்திகையில் ஆளையாள் முகம் பாராமல் ஆடினோம்.

திருநாளன்று மேடையில் செத்துக் கிடக்கிறேன். உடம்பெல்லாம் அலுமினியக் கவசம், மூச்சு விட்டால் சரசரக்கும். கூத்துப் பழக்கிய அண்ணாவியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "மங்களம் பாடுமட்டும் பிணம் அசையப்படாது." அண்ணை பக்கத்தில் விழுந்து ஒப்பாரி எடுத்தார். மத்தளம் அதிர்கிறது. அவருடைய கண்ணீர் சொட்டுச் சொட்டாக என் கன்னத்தில் விழுகிறது. பாட்டுக்கு நடுவில் என் காதுக்குள், "தம்பி, என்னை மன்னியடா. நான் போய்ச் சொல்லுறன்."

எழும்பி அவரைக் கட்டிப்பிடிக்கிறதா, அறைகிறதா? பிணம் என்ன செய்யும்! கிடந்தேன். சனம் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. பிறகு உடுப்பு மாற்றுகிற இடத்தில் அவர் என்னையே பார்த்தார். நான் கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெளிக்கிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த கிழமை வேலையிடத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். அண்ணை போய்ச் சொல்லிவிட்டார், அவரை நிப்பாட்டிவிட்டார்கள். நான் போனேன். போகாமல்? அடுத்த வருசம் மனிசி வந்துவிட்டாள்.

அண்ணை குடும்பத்தோடு புரோசார்ட் பக்கம் போய்விட்டார். கோயிலில் வேறு கதை. "களவெடுத்துப் பிடிபட்டவராம்" என்று எனக்குப் பின்னால் வாங்கில் இருந்தவர்களே சொன்னார்கள். திரும்பி ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால், அவர் இழந்ததில் நான் வாழுகிறதையும் சொல்லவேண்டுமே. வெட்கம். பேந்து சொல்லுவம், பேந்து சொல்லுவம் என்று வருசங்கள் போய்விட்டன. இப்போது அதை நினைக்கவே களைப்பாக இருக்கிறது.

மண்டபத்தை விற்றுவிட்டார்கள். கூத்தில் ஆடினவர்கள் ரொறொன்ரோவுக்கும் வேறு வேறு இடங்களுக்கும் போய்விட்டார்கள். போன மாரியில் அண்ணையும் போய்விட்டார். செத்தவீட்டில் அவருடைய மூத்த மகள் என்னை ஒருபக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

"அங்கிள், நீங்கள் அப்பாவோட வேலை செய்தனீங்கள்தானே. அப்பா உண்மையா களவெடுத்தவரோ?"

"சீச்சீ, இல்லைப் பிள்ளை."

"அப்ப ஏன் நிப்பாட்டினவை?"

"தெரியாதம்மா" என்றேன்.

"மெர்சி அங்கிள்" என்று நன்றி சொல்லி, அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.