மலைக்குப் போனவரிடம் சொல்லாத சாவு

படுக்கையறையில் மறுபடியும் செல்போன் அடித்தது. அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருந்த மாரிச்செல்வி எழுந்து போகவில்லை. அடிப்பது அவள் கணவர் காளிராஜின் போன். பீரோவில் சேலைகளுக்கு அடியில் அதை ஒளித்து வைத்தவளே அவள்தான்.

காளிராஜ் விடியுமுன்பே மம்சாபுரத்திலிருந்து சதுரகிரிக்குக் கிளம்பிவிட்டார். வருஷக்கணக்கில் பட்டாளத்தில் பனிமலையைக் காத்தவர். அங்கே பனிச்சரிவில் புதைந்து உயிரோடு மீண்டபோது, சதுரகிரி உச்சியிலிருக்கும் பெரிய மகாலிங்கத்தை வந்து கும்பிடுவதாக நேர்ந்துகொண்டார். ஊர் திரும்பிய பிறகு அவர் விரதமிருக்கும் போதெல்லாம் பங்காளி வீட்டில் ஒரு சாவு விழும். தீட்டோடு மலையேறக் கூடாது, பயணம் நின்றுபோகும். சாமி இன்னும் எத்தனை நாள் பொறுக்கும் என்று மாரிச்செல்வியின் பேதை மனம் அரித்துக்கொண்டே இருந்தது.

இன்று அமாவாசை. அவர் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து சோழபுரத்திலிருந்து போன் வந்தது. அவள்தான் எடுத்தாள். காளிராஜின் பெரியப்பா ஐயாதுரை இறந்துவிட்டார். காதில் விழுந்தால்தானே தீட்டு என்று அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். போனில் சார்ஜ் இல்லை, வீட்டிலேயே கிடக்கட்டும் என்று சொல்லி அவரை வழியனுப்பினாள்.

மதியத்துக்கு மேல் மேற்கே மலை கறுத்தது. இடி உறுமியது. அவரைக் கூப்பிடவும் வழியில்லை. பனி கொல்லாத மனுஷனைத் தன் பொய் கொன்றுவிடுமோ என்று அவள் வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்தாள்.

கதவு தட்டப்பட்டது. இறந்தவரின் இளைய மகன் முத்துப்பாண்டி மழையில் நனைந்து நின்றான்.

"எங்க அய்யா செத்தா பட்டாளத்துக்காரரு போனக்கூட எடுக்க மாட்டாரோ?"

அவள் விம்மி விம்மி எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முகத்திலிருந்த கோபம் வடிந்து, கலக்கம் படர்ந்தது.

"மலையில ஓடைத்தண்ணி பெருகிட்டாம் மதினி. மேல இருக்கவங்கள இறங்க விடலையாம்."

"அவியளுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல தம்பி?"

அவன் மலைப்பக்கம் திரும்பிப் பார்த்தான்.

அய்யாவுக்குத் தோள் கொடுக்க அண்ணன் வருவாரென்று இவ்வளவு நேரம் காத்திருந்ததாகவும், இனி தூக்கிவிடப் போவதாகவும் சொன்னான். சாவு வீட்டிலிருந்து வந்தவன், வாசற்படியை மிதிக்காமலே பின்வாங்கினான்.

"அண்ணன் இறங்குற வரைக்கும் நான் இங்க வரவே இல்ல. நீங்க எதையும் கேக்கவும் இல்ல. போயி சாமியக் கும்பிடுங்க."

எந்த முகத்தோடு கும்பிடுவது என்று கேட்க நினைத்தாள். அதற்குள் அவன் பைக்கை உதைத்துக் கிளப்பி மழைக்குள் மறைந்தான். மலை இருந்த திசையில் மலையே தெரியவில்லை. மாரிச்செல்வி அதைப் பார்க்க மாட்டாமல், இரண்டு கைகளாலும் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.