முப்பத்தொரு நைட்டி

பொழிச்சலூரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் முன் அறையில்தான் என் மனைவி நைட்டித் தொழிலை ஆரம்பித்தாள். துணியை மொத்தமாக வாங்கி வந்து அவளே வெட்டுவாள். நான்கு பெண்கள் கட்டுக் கட்டாக எடுத்துப்போய், தங்கள் வீட்டு மெஷினில் தைத்துக் கொண்டுவருவார்கள். பீஸுக்கு எட்டு ரூபாய். மாதக் கடைசியில் பட்டுவாடா.

நான் தாம்பரத்தில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்து, மனைவியின் கணக்கு முழுவதையும் எக்செல்லில் ஏற்றினேன். அவள் எழுதி வந்த நோட்டை மூடச் சொன்னேன். "ரெண்டு கணக்கு எதுக்கு? குழப்பம்தான் வரும்" என்றேன்.

அந்த நால்வரில் ஒருவர் பம்மலிலிருந்து வருவார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். படிக்கத் தெரியாது. வீட்டில் துணிக்கட்டை வைக்க இடமில்லை, மழை பெய்தால் ஒழுகும் என்பதால், மற்றவர்களைப் போல வாரம் ஒரு முறை வராமல், தைத்த ஐந்தாறை அன்றன்றே கொண்டுவந்து கொடுத்துவிடுவார்.

கம்ப்யூட்டரில் போட்ட முதல் கணக்கு, தீபாவளிக்கு முந்தைய மாதத்தினுடையது. அதை முடித்தபோது நால்வரும் முன் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். பம்மல் அக்கா பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"முப்பத்தோரு பீஸ் கொறையுது சார்."

"எப்படிக்கா கொறையும்? கம்ப்யூட்டர்ல போட்டிருக்கேன்."

"இல்ல சார், நான் மனசுலயே எண்ணிகினு வந்தேன். நல்லா ஞாபகம் கீது."

மனைவி மெதுவாக, "ஒரு தடவை பாத்துடுங்களேன்" என்றாள். மற்ற மூவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிரிண்ட் எடுத்த தாளை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, அடியில் இருந்த கூட்டுத்தொகையை விரலால் தட்டினேன்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? நீங்கதான் மறந்துட்டீங்க. இப்படி எல்லாரும் வாய்க்கு வந்த கணக்கு சொன்னா நாங்க தொழில் பண்ண முடியுமா?"

அவர் அந்தத் தாளைக் கையில் வாங்கவில்லை. "சரி சார், படிச்சவங்க நீங்க" என்று எழுந்து போனார். அதன்பின் வேலைக்கு வரவில்லை.

பொங்கல் கழிந்து மாதக் கடைசி ஞாயிறு காலை, அந்த மாதம் புதிதாகச் சேர்ந்து, பம்மல் அக்காவைப் போலவே தினமும் கொண்டுவந்த பெண்ணின் கணக்கைப் பதிந்துகொண்டிருந்தேன். எண்ணைப் போடுகிறேன், கூட்டுத்தொகை நகரவில்லை. இன்னொன்று போட்டேன். அப்போதும் நகரவில்லை. ஒரு மாதத்துக்கு இருபது வரி போதும் என்று நினைத்து, முதல் இருபது வரிகளை மட்டும் கூட்டும்படிதான் நான் போட்டிருந்தேன். அதற்குக் கீழே எழுதியது எதுவும் கணக்கில் சேரவே இல்லை.

பம்மல் அக்காவின் பக்கத்தைத் திறந்தேன். இருபத்தாறு வரிகள். கடைசி ஆறு வரிகளைக் கூட்டினேன். முப்பத்தொன்று.

சத்தமில்லாமல் பிழையைத் திருத்தினேன். மனைவியிடம் சொல்லவில்லை. பத்து நாள் அப்படியே கிடந்தேன். பிறகு ஒரு கவரில் ஐந்நூறு ரூபாய் போட்டு எடுத்துக்கொண்டு பம்மலுக்குப் போனேன். அக்கா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"இன்னா சார் இது?"

"போனஸ்க்கா. தீபாவளிக்கே குடுக்க வேண்டியது."

அவர் கவரைத் தொடாமலே கேட்டார். "போனஸா, இல்ல என் காசா?"

அந்த ஒரு கேள்விக்கு உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான், "போனஸ்தான்" என்றேன்.

"அப்போ வேணாம் சார். வேலைய வுட்டு நின்னவளுக்கு இன்னாத்துக்கு போனஸ்?"

கவரோடு வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் தேவலை. "அவங்க எண்ணிக்கை தப்பாதுன்னு எனக்குத் தெரியும். உங்க பேச்சைக் கேட்டு நானும் சும்மா இருந்துட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, இருநூற்றைம்பது ரூபாயை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் வண்டியில் கூட்டிப்போனேன். தெருமுனையிலேயே நின்றுவிட்டேன்.

கால் மணி நேரத்தில் திரும்பி வந்தவள் என் கையில் இரண்டு ரூபாய் நாணயத்தை வைத்தாள். முப்பத்தொரு பீஸுக்கு இருநூற்று நாற்பத்தெட்டுதான் ஆகிறது என்று மீதியைக் கொடுத்திருக்கிறார். திரும்ப வேலைக்கு வரச் சொல்லி மனைவி கெஞ்சியிருக்கிறாள். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாராம்.

ஓரிரு வருடம் கழித்துத் தாம்பரம் மார்க்கெட்டில் எதிரே வந்தார். அவர்தான் முதலில் சிரித்தார். "நல்லா கீறியா சார்? அம்மா நல்லா கீதா?" நான் கம்பெனியைப் பற்றிக் கேட்டேன், பிள்ளைகளின் படிப்பைக் கேட்டேன், வெயிலைப் பற்றிக்கூட ஏதோ சொன்னேன். அதற்குள் அவருக்கான பஸ் வந்துவிட்டது. என் வாயால் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை.